புளோரன்ஸ் நைட்டிங்கேல்: விளக்கும் கணக்கும்

ஊரில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் கைவிளக்கேந்திய காரிகையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இருட்டான வைத்தியசாலைக் கூடம், வரிசையாகக் கட்டில்கள், நடுவே விளக்கோடு ஒரு மெல்லிய பெண். என் வயதுக்காரர் பலருக்கு அந்தப் படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கும். தாதியாகப் படிக்கப் போகும் பெண்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்பவர்களும் அவருடைய பெயரைத்தான் இழுப்பார்கள்.

அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது தொண்ணூறு வருட வாழ்க்கையில் இரண்டு வருடம்கூட நிறையாத ஒரு துண்டு. மிச்ச வாழ்க்கையின் பெரும்பகுதியை அவர் இலண்டனில் கட்டிலிலும் சாய்கதிரையிலும் இருந்தபடி, சுற்றிவரக் கடதாசிக் கட்டுகளோடு கழித்தார். அந்தக் கடதாசிகளில் இருந்தவை எண்கள். எத்தனை பேர் வந்தார்கள், என்ன நோய், எத்தனை பேர் இறந்தார்கள், எந்த இடத்தில் கூடுதலாக இறந்தார்கள். இன்று பெருந்தரவு என்ற பெயரில் கோடிக்கணக்கான நோயாளர் பதிவுகளைக் கணினிகள் அலசுகின்றன. அதே கேள்விகளை அவர் கையால் எழுதிக் கேட்டார். அந்த எண்களில் சில அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னதுதான் இந்தக் கதையை எழுதத் தூண்டியது.

அவர் 1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் வசதியான ஆங்கிலேயர், நீண்ட சுற்றுலாவில் இருந்தவர்கள். பிறந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். மூத்தவள் நேப்பிள்ஸில் பிறந்ததால் அந்த நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தெனோப்பி அவளுக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் டார்பிஷயரில் ஒரு வீடு, ஹம்ப்ஷயரில் எம்பிளி பார்க் என்ற பெரிய மாளிகை. தகப்பன் வில்லியம் படிப்பில் ஆசை கொண்டவர். மகள்மார் இருவருக்கும் தானே இலத்தீனும் கிரேக்கமும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார். சின்னவளுக்கு அது போதவில்லை. கணக்குப் படிக்க வேண்டும் என்று நின்றாள். கணக்குப் படித்து ஒரு பெண்பிள்ளை என்ன செய்யப் போகிறாள் என்பது தாயின் கவலை. இந்த உரையாடல் எங்கள் வீடுகளில் கேட்காததா?

பதினாறு வயதில், 1837 பெப்ரவரியில், கடவுள் தன்னைப் பணிக்கு அழைத்ததாக அவர் நம்பினார். என்ன பணி என்று தெளிவாக வருடங்கள் எடுத்தன. தாதியாக வேண்டும் என்று சொன்னபோது வீடு அதிர்ந்தது. அந்தக் காலத்தில் வைத்தியசாலைத் தாதி என்றால் குடிகாரி, ஒழுக்கம் கெட்டவள் என்றுதான் மேல்தட்டு ஆட்கள் நினைத்தார்கள். ரிச்சர்ட் மொங்க்டன் மில்ன்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் பல வருடங்களாக அவரைப் பெண் கேட்டுக் காத்திருந்தார். நல்ல மனிதர், அவருக்கும் பிடித்தவர்தான். 1849இல் முடியாது என்று சொல்லிவிட்டார். 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் நகரில் சில மாதங்கள் பயிற்சி. 1853இல் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற கண்ணியமான பெண்களுக்கான ஒரு சிறிய நிலையத்தின் பொறுப்பு. தகப்பன் மனமிரங்கி வருடத்துக்கு 500 பவுண் கொடுக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு முப்பத்துமூன்று வயது.

அடுத்த வருடம் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று ரஷ்யாவோடு போருக்குப் போயின. கிரைமியாவில் காயப்பட்டவர்களும் நோயாளிகளும் கருங்கடலைக் கடந்து, இஸ்தான்புல்லின் ஆசியக் கரையிலிருந்த ஸ்கூட்டாரிக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் படும் பாட்டை டைம்ஸ் பத்திரிகை எழுத, நாடு கொதித்தது. போர்த்துறைச் செயலாளர் சிட்னி ஹேர்பேர்ட் நைட்டிங்கேலின் நண்பர். அவர் கேட்க, 1854 ஒக்டோபர் 21ஆம் திகதி 38 தாதியரோடு புறப்பட்டு நவம்பர் 4ஆம் திகதி ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே இருந்தது வைத்தியசாலையாகக் கட்டிய கட்டடமே இல்லை. துருக்கி இராணுவத்தின் ஒரு மாபெரும் படைமுகாம். கீழே கழிவுக்கால்வாய்கள் அடைத்துக் கிடந்தன. நாற்றம் சுவர்களூடாக மேலே ஏறியது. எலியும் பேனும். சட்டை இல்லை, கட்டுத்துணி இல்லை, குளிக்கப் பாத்திரம் இல்லை. அவர் தன் சொந்தக் காசிலும் டைம்ஸ் சேர்த்த நிதியிலும் பொருட்கள் வாங்கினார். சமையலறை போட்டார். துணி வெளுக்க ஆள் பிடித்தார். இரவில் விளக்கோடு நடந்தார், அதுவும் உண்மைதான்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. மூன்று இடங்களில் மூன்று பதிவேடுகள் இருந்தன. ஒன்றில் உள்ள தொகை மற்றதோடு பொருந்தாது. ஒரு பதிவேட்டில் இல்லாத ஆள் புதைகுழியில் இருந்தான். அவர் நிர்வாகம் பார்த்த பெண். வீட்டுச் செலவுக் கணக்கே ஒழுங்காக இருக்கவேண்டும் என்று நினைப்பவருக்கு, மனித உயிர்க் கணக்கு இப்படிக் கிடந்தது பெரிய அவமானமாகத் தெரிந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபின் இறப்பு குறைந்தது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தக் குளிர்காலத்தில் அது ஏறிக்கொண்டே போனது. 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 42 பேர் இறந்தார்கள். காயத்தால் இறந்தவர்கள் சொற்பம். கழிச்சல், வாந்திபேதி, காய்ச்சல் இவைதான் கொன்றன. மார்ச் மாதம் இலண்டனிலிருந்து ஒரு சுகாதார ஆணைக்குழு வந்து இறங்கியது. வைத்தியர் ஜோன் சதர்லாந்தும் பொறியியலாளர் ரொபர்ட் ரோலின்சனும் அதில் முக்கியமானவர்கள். கழிவுக்கால்வாய்களைக் கழுவினார்கள். தண்ணீர் வரும் வழியில் செத்துக் கிடந்த குதிரையை எடுத்தார்கள். காற்றோட்டத்துக்கு வழி வைத்தார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். யூன் மாதத்தில் இறப்பு 100க்கு 2 ஆகிவிட்டது.

போர் முடிந்து 1856 ஓகஸ்டில் அவர் ஊர் திரும்பினார். நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவர் மிஸ் ஸ்மித் என்ற பொய்ப் பெயரில் வந்து, ஒருவருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போனார். அந்தக் குளிர்காலச் சாவுகளுக்கு அப்போது அவர் மனதில் இருந்த விளக்கம், உணவும் உடையும் ஒழுங்காக வரவில்லை, ஆட்கள் பட்டினியாலும் களைப்பாலும் ஏற்கெனவே அரைஉயிராகத்தான் வந்து சேர்ந்தார்கள் என்பதே.

அந்த இலையுதிர்காலத்தில் அவர் வில்லியம் ஃபாரைச் சந்தித்தார். ஃபார் ஷ்ரொப்ஷயர் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை, ஒருவர் விட்டுச் சென்ற சிறு பணத்தில் வைத்தியம் படித்தவர். இங்கிலாந்தில் இறப்புப் பதிவு 1837இல் தொடங்கியது. அந்தப் பதிவுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, எந்த ஊரில் எந்த வயதில் எந்த நோயால் ஆட்கள் சாகிறார்கள் என்று வருடாவருடம் அட்டவணை போட்டவர் அவர். நாடு முழுவதும் சிதறிக் கிடந்த பதிவுகளைச் சேர்த்தால், தனி ஒரு வைத்தியருக்குக் கண்ணில் படாதது கண்ணில் படும் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர். பெருந்தரவு பற்றிப் பேசுகிறவர்கள் வணங்கவேண்டிய ஒருவர் இருந்தால் அவர் இவர்தான்.

இருவரும் இராணுவக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். கிரைமியப் போரில் பிரித்தானியப் படையில் நோயால் இறந்தவர்கள் 16,000க்கு மேல். சண்டையிலும் காயத்தாலும் இறந்தவர்கள் 5,000க்குச் சற்றுக் குறைவு. பிறகு வைத்தியசாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். போர்முனைக்குக் கிட்ட இருந்த, வசதி குறைந்த இடங்களைவிட, ஸ்கூட்டாரியில்தான் இறப்பு மோசமாக இருந்தது. களைத்து வந்தவர்கள் என்ற விளக்கம் அங்கே நிற்கவில்லை. மார்ச் மாதத்துக்குப் பிறகு விழுந்த வீழ்ச்சியும் அதையே சொன்னது. ஆட்களைக் கொன்றது அந்தக் கட்டடம். அவர் இரவெல்லாம் நடந்து கவனித்த அதே கட்டடம்.

இதைக் கண்டதும் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். 1857 ஓகஸ்டில் அவர் உடல் உடைந்து படுத்ததற்கு இந்தக் குற்ற உணர்வே காரணம் என்பார் ஒரு சாரார். கிரைமியாவில் தொற்றிய காய்ச்சலின் நீண்ட விளைவு அது என்பார் மற்றவர். எது எப்படியோ, அவர் அதை மூடி மறைக்கவில்லை. எண்ணூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை எழுதினார். அரசாங்கம் அதை வெளியிடவில்லை. அவர் தானே அச்சடித்து, செல்வாக்குள்ளவர்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். நாடு கொண்டாடிய ஒரு பெண், கொண்டாட்டத்துக்குக் காரணமான இடமே ஆட்களைக் கொன்றது என்று எழுதிக் கொடுத்தார். இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, எங்கள் சங்கங்களின் வருடாந்தக் கணக்கறிக்கைக் கூட்டங்களில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அமைச்சர்கள் அட்டவணை படிக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே படம் வரைந்தார். ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, மாதத்துக்கு ஒரு துண்டு. துண்டின் பரப்பு அந்த மாத இறப்பின் அளவு. தடுத்திருக்கக்கூடிய நோய்கள் நீலம், காயங்கள் சிவப்பு, மற்றவை கறுப்பு. முதல் வருட வட்டத்தில் நீலம் பூதம்போல விரிந்து கிடக்கும், சிவப்பு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். அடுத்த வருட வட்டம் சுருங்கிப் போயிருக்கும். கூடவே இன்னொரு கணக்கு. போரே இல்லாமல் இங்கிலாந்துப் படைமுகாம்களில் இருந்த இளம் சிப்பாய்கள், அதே வயதுப் பொதுமக்களைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். உடற்தகுதி பார்த்துத் தெரிந்தெடுத்த ஆட்கள் அவர்கள். இதற்குப் பதில் சொல்ல இராணுவத்திடம் ஒன்றும் இருக்கவில்லை. முகாம்கள் திருத்தப்பட்டன. இராணுவத்துக்கென மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவு வந்தது. 1860இல் இராணுவ மருத்துவப் பள்ளி திறந்தது. 1858இல் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் அவர்தான்.

இராணுவம் முடிய, பொது வைத்தியசாலைகள் பக்கம் திரும்பினார். இலண்டனில் ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் விருப்பப்படி பதிவு வைத்திருந்தது. ஒரே நோய்க்கு ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர். எல்லாருக்கும் பொதுவான படிவம் ஒன்றை ஃபாரோடு சேர்ந்து தயாரித்தார். எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், குணமானவர், குணமாகாமல் போனவர், இறந்தவர், எத்தனை நாள் தங்கினார்கள். 1860இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளிவிபர மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. பல வைத்தியசாலைகள் நிரப்பிப் பார்த்தன. படிவம் பெரிதாகவும் சிக்கலாகவும் இருந்தது, நிரப்ப ஆளும் நேரமும் இல்லை, சில வருடங்களில் கைவிட்டுவிட்டார்கள். இன்று வேலை முடிந்து வீடு போகமுன் கணினியில் பதிவு போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் தாதியருக்கு அந்த இலண்டன் ஆட்களின் அலுப்பு நன்றாக விளங்கும்.

இங்கே அவர் ஒரு பிழையும் விட்டார். 1863இல் வைத்தியசாலைகள் பற்றிய அவருடைய நூலின் மூன்றாம் பதிப்பில் ஃபார் கணக்கிட்ட ஓர் அட்டவணையைப் போட்டார். இலண்டனின் 24 வைத்தியசாலைகளில் 1861 ஏப்ரல் 8ஆம் திகதி 4,214 நோயாளிகள் இருந்தார்கள். அந்த வருடம் இறந்தவர்கள் 3,828. ஒன்றை மற்றதால் பிரித்தால் 100க்கு 90க்கு மேல் வரும். பார்ப்பவனுக்கு, உள்ளே போகும் பத்துப்பேரில் ஒன்பது பேர் பிணமாக வருகிறார்கள் என்றுதான் படும். ஆனால் ஒரு கட்டிலில் ஒரு வருடத்தில் பல பேர் வந்து போவார்கள். வந்த எல்லாரையும் வைத்துப் பிரித்திருந்தால் இந்த எண் எவ்வளவோ சிறிதாகியிருக்கும். மருத்துவப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இலண்டனுக்குக் கடும் நோயாளிகள் வருகிறார்கள், நாட்டுப்புற வைத்தியசாலைக்குச் சின்ன வருத்தக்காரர் போகிறார்கள், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஃபாரும் அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சண்டையில் வைத்தியர்களின் பக்கத்தில்தான் கூடுதலான உண்மை இருந்தது என்பது என் எண்ணம். இன்றைக்கும் வைத்தியசாலைகளுக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தும்போது இதே சண்டை நடக்கிறது. எதை எதனால் பிரிப்பது, யார் எவ்வளவு முற்றிய நோயோடு வந்தார் என்பதைச் சேர்ப்பதா விடுவதா.

1861 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி அவர் போராடினார். வீட்டில் அன்று நோயாளி யாராவது உண்டா? வீடு எப்படிப்பட்டது? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மாதிரி வீடு எந்த மாதிரி நோயைத் தருகிறது என்று தெரியும் என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் அரசாங்கம் மறுத்துவிட்டது. கேட்காத கேள்விக்குப் பதில் கிடையாது என்பதால், அந்த வருட ஆங்கில ஏழைகளின் வீட்டு நோய் பற்றிய ஒரு முழுப் படம் எங்களுக்கு இல்லாமலே போய்விட்டது.

இந்த இடத்தில் அவருடைய கதையை நிறுத்தி எங்கள் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதியும்போது இனம் எதுவென்று ஒரு படிவம் தருவார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் இருக்கும். இலங்கைத் தமிழன் நான் ஏனைய ஆசியர் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு வந்தேன். சிலர் அதையும் போடாமல் வெறுமையாக விடுவார்கள். எனக்கும் அப்போது அது ஒரு சின்ன விடயமாகத்தான் பட்டது. 2020இல் கொரோனா வந்தபோது ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களும் இலண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியினரும் சேர்ந்து, ஓப்பன்சேஃப்லி என்ற அமைப்பினூடாக 1 கோடி 70 இலட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வயது, நோய், வறுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் தெற்காசியரும் கறுப்பினத்தவரும் கூடுதலாக இறந்தது தெரிந்தது. சில மாதங்களுக்குள் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது அந்தப் பதிவுகள் ஒரே இடத்தில் இருந்ததால். அதே ஆய்வில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இனம் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. தெற்காசியர் என்ற பெரிய பெட்டிக்குள் எங்களவர் எப்படி இருந்தார்கள் என்பதைத் தனியே பார்க்க வழியும் இல்லை. நீரிழிவு எங்கள் குடும்பங்களில் எந்த வயதில் தொடங்குகிறது என்று எங்களுக்கு வீட்டுக்கு வீடு தெரியும். கணினிக்குத் தெரியாது.

கட்டத்தை வெறுமையாக விடுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விசா இல்லாத ஆட்களைத் தேடுவதற்காக, தேசிய சுகாதாரச் சேவை வைத்திருந்த முகவரிகளை உள்துறை அமைச்சு பெற்றுக்கொள்ள 2017 ஜனவரியில் ஓர் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பி 2018 மே மாதம் அது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. அகதி வழக்கோடு இருந்தவர்கள் வைத்தியரிடம் போகவே பயந்ததற்குக் காரணம் இருந்தது. நைட்டிங்கேல் சிப்பாய்களின் பதிவுகளைப் படித்தபோது அவர்களின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது.

அவர் இந்தியாவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் நாற்பது வருடம் இந்தியாவைப் பற்றி எழுதினார். 1859இல் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் சுகாதாரம் பற்றிய ஆணைக்குழு அமைந்தபோது, ஒவ்வொரு படைத்தளத்துக்கும் கேள்விப் படிவம் அனுப்பினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, என்ன நோய், எத்தனை சாவு. வந்து குவிந்த பதில்களைப் படித்துத் தொகுத்தார். வருடத்துக்கு 1,000 சிப்பாய்களுக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1864இல் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணைக்குழுக்கள் வந்தன. பத்து வருடத்துக்குப் பின் அந்த 69, 18 ஆகியிருப்பதாக அவர் எழுதினார். 69 என்பது போர்களும் சேர்ந்த பல பத்தாண்டுகளின் சராசரி என்பதால் முழுப் புகழையும் அவருக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பாதியையாவது கொடுக்கலாம்.

சிப்பாய்களில் தொடங்கிய அவருடைய கவனம் மெல்ல மெல்லக் கிராமத்து மக்கள் பக்கம் போனது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடும் பஞ்சம். மலையகத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்களின் கூட்டம் அந்த வருடங்களில்தான் பெருகியது. இன்றைய மலையகத் தமிழரில் பலரின் குடும்பக் கதை அந்தப் பஞ்சத்தில் தொடங்குகிறது. அவர் அந்தப் பஞ்சத்தைப் பற்றி இலண்டன் சஞ்சிகையில் கடுமையாக எழுதினார். காவிரியின் முக்கொம்பு மேலணையை 1830களில் கட்டிய ஆர்தர் கொட்டனோடு கடிதத் தொடர்பு வைத்து, ரயில் பாதைக்குக் கொடுக்கும் பணத்தை வாய்க்காலுக்கும் கொடுங்கள் என்று வாதாடினார். அங்கே அவர் பேச்சு எடுபடவில்லை.

எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது 1871இல் வந்த அவருடைய ஒரு சிறிய புத்தகத்தைப் பற்றி அறிந்தபோது. 1860களின் தொடக்கத்தில், மக்கள் அவர் பெயரில் சேர்த்துக் கொடுத்த நிதியில், இலண்டன் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையில் ஒரு பிரசவ விடுதி தொடங்கியிருந்தார். கிராமங்களுக்கு மருத்துவிச்சிகளைப் பயிற்றுவிப்பது நோக்கம். நன்றாகத்தான் நடந்தது. ஆனால் பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். 1867இல் விடுதியை மூடினார்கள். ஏன் என்று அறிய அவர் கிடைத்த பிரசவப் பதிவுகளையெல்லாம் திரட்டினார். இங்கிலாந்து முழுவதையும் எடுத்தால் 1,000 பிரசவத்துக்கு ஏறக்குறைய 5 தாய்மார் இறந்தார்கள். அவருடைய சொந்த விடுதியில் 1,000க்கு 33. குடிசையில், ஒரு கிழவியின் கையில் பிள்ளை பெற்றவளுக்கு இருந்த பாதுகாப்பு, நைட்டிங்கேல் பெயரில் நடந்த விடுதியில் இருக்கவில்லை. ஸ்கூட்டாரிக்குப் பிறகு இரண்டாவது தடவை. இந்த எண்களை அவர் தன் பெயர் போட்டு வெளியிட்டார்.

காரணத்தை அவர் சரியாகக் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. கெட்ட காற்றும் நெரிசலும் நோயைத் தருகின்றன என்ற பழைய நம்பிக்கையை அவர் நீண்ட காலம் விடவில்லை. கிருமிகள் பற்றிய அறிவை ஏற்க வெகுவாகத் தயங்கினார். ஆனால் கழிவையும் தண்ணீரையும் நெரிசலையும் திருத்து என்று அவர் சொன்ன வைத்தியம், காரணம் பிழையாக இருந்தாலும் வேலை செய்தது. அவருடைய பயிற்சிப் பள்ளி 1860இல் சென் தோமஸ் வைத்தியசாலையில் தொடங்கி, அங்கே பயின்ற தாதியர் பல நாடுகளுக்குப் போனார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

எழுபது வயது தாண்டியபின், 1891இல், அவருக்கு ஒரு கடைசி ஆசை வந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரத்தை நடைமுறைக்குப் பயன்படுத்தக் கற்பிக்கும் ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்குவது. அரசாங்க அலுவலகங்கள் மலைமலையாக விபரம் சேர்க்கின்றன, அதை வைத்து முடிவெடுக்க வேண்டிய அமைச்சர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவர்கள் படித்த பல்கலைக்கழகம் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அவர் குறை. பிரான்சிஸ் கால்டனுக்கு நீண்ட கடிதம் எழுதி, ஆராய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தது சில வருடத்துக்குப் பின் எவ்வளவு மிஞ்சுகிறது? தண்டனை குற்றத்தைக் குறைக்கிறதா? வைத்தியசாலைகள் உண்மையில் என்ன பலன் தருகின்றன? ஒக்ஸ்போர்ட் நண்பர் பெஞ்சமின் ஜோவெட்டும் பணம் தர முன்வந்தார். பேச்சு நீண்டு, திசை மாறி, ஒன்றும் நடக்கவில்லை. அதற்கென்று உயிலில் 2,000 பவுண் ஒதுக்கியிருந்தவர் பிறகு அதையும் நீக்கிவிட்டார்.

கண் பார்வை மெல்லப் போனது. நினைவும் போனது. 1907இல் மன்னர் ஓடர் ஒஃப் மெரிட் விருதை அனுப்பியபோது, அதைப் பெற்ற முதல் பெண் தானென்பது அவருக்கு எவ்வளவு விளங்கியிருக்கும் என்பது சந்தேகம். 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி இலண்டன் மேஃபெயரிலுள்ள வீட்டில் நித்திரையில் உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய முன்வந்தார்கள். குடும்பத்தினர் அவர் விருப்பப்படி மறுத்துவிட்டார்கள். எம்பிளி வீட்டுக்குக் கிட்ட, ஈஸ்ட் வெல்லோ கிராமத்துச் சிறிய தேவாலயத்தின் முற்றத்தில், பெற்றோரோடு அவரை அடக்கம் செய்தார்கள். சவுதாம்ப்டன் பக்கம் போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் பார்த்துவிட்டு வரலாம். பெயரைத் தேடாதீர்கள், முழுப்பெயர் இருக்காது. அவருக்கென எழுதியிருப்பது எஃப், என் என்ற இரண்டு எழுத்துகளும், பிறந்த திகதியும், இறந்த திகதியும் மட்டுமே.